கை வைக்காதீர்கள்

"வேணும்னா நான் டூட்டி ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

கல்யாணமான இரண்டாவது வாரம் அவள் இப்படிக் கேட்டாள். கேட்ட இடம்கூட இன்னும் நினைவிருக்கிறது. டிப்போவின் பின்பக்கம், கழுவி நிறுத்தியிருந்த ஒரு பஸ்ஸின் படிக்கட்டு. அவன் வண்டியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருந்தான். அவள் அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தாள். நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம் கிடைத்திருந்தது.

"என்ன வார்த்தை?"

"உங்களுக்கும் மத்தியான வண்டி போடச் சொல்லித்தான். நான் போறப்ப நீங்களும் போயிட்டு, நான் வர்றப்ப நீங்களும் வந்துடலாம்ல?"

"வேண்டவே வேண்டாம்." பேப்பர் கப்பைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டான். "பொண்டாட்டி கம்ப்யூட்டர் ரூம்ல உக்காந்துக்கிட்டு புருஷனுக்கு நல்ல வண்டியாப் பொறுக்கிக் கொடுக்கறான்னு நாலு பேர் பேசறதுக்கா? நீயும் கேக்காதே, நானும் கேக்க மாட்டேன். வர்றப்ப வரட்டும்."

"அதுவரைக்கும் நாம எப்பதான் பார்த்துக்கறது?"

"ஏன், இப்பப் பார்த்துக்கலையா?" என்று சிரித்தான். சிரித்தால் அவனுக்கு இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். அதைப் பார்த்துத்தான் அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். தலையாட்டி நான்கு வருடமாகிறது. அதற்காக அவள் தன்னைத் திட்டிக்கொள்ளாத வாரமே கிடையாது.

அவன் ஓட்டுவது முதல் பஸ். ஊர் தூங்கும்போது எழுந்து போய்விடுவான். அவள் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் இரவு பத்து மணிக்குத் திரும்புகிற கம்ப்யூட்டர் பிரிவுக்காரி. அவள் வரும்போது அவன் பாதித் தூக்கத்தில் இருப்பான். அவன் எழும்போது அவள் முழுத் தூக்கத்தில் இருப்பாள். படுக்கை ஆறுவதே இல்லை, அதில் இரண்டு பேர் விழித்திருப்பதும் இல்லை.

"நான் கல்யாணம்தான் பண்ணி வச்சேன். எவனோ அதுக்கு ஷிப்ட் போட்டுட்டான்" என்பாள் கூடவே இருக்கும் மாமியார். கேலியாகச் சொல்வதுபோல் இருக்கும். சொல்லிவிட்டு மருமகளின் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம். அன்று அவளுக்கு லீவு, அவன் மத்தியானம் வண்டியை விட்டுவிட்டு வந்தால் மிச்சப் பொழுது இரண்டு பேருக்கும். அதிலும் வருடத்துக்கு இரண்டு ஞாயிறை அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது.

வெயில் காலம் வரும்போது நாட்டில் உள்ள எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளவேண்டும், குளிர் வரும்போது பின்னால் இழுக்கவேண்டும் என்று என்றோ யாரோ சட்டம் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறார்களாம். மிச்சம் பிடித்த வெளிச்சத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் தலையில் விழும் வேலை மட்டும் தெரியும்.

பஸ் கம்பெனியில் கடிகாரம் இல்லாத பொருளே கிடையாது. டிக்கெட் மெஷின், வாசல் கேட், நிறுத்தங்களில் அடுத்த வண்டி எப்போது என்று காட்டும் பலகை, கேமரா, டீசல் பம்ப். சில தானாக மாறிக்கொள்ளும். சிலவற்றுக்குச் சொன்னால்தான் தெரியும். சில, சொன்னாலும் கேட்காது. போன வருடம் முன்னால் தள்ளியபோது வாசல் கேட் மாற மறந்துபோய், காலையில் வந்த டிரைவர்களை ஒரு மணி நேரம் உள்ளே விடாமல் நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகு பின்னால் இழுத்தபோது நிறுத்தப் பலகைகள் எல்லா வண்டியும் போய்விட்டது என்று அறிவித்து, கண்ணெதிரே வந்துநின்ற பஸ்ஸைப் பார்த்து ஜனங்கள் பலகையை நம்புவதா பஸ்ஸை நம்புவதா என்று விழித்தார்கள். டிப்போவில் அவளுக்கு 'டைம் மேடம்' என்றே பெயர் வந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட மோசம் டூட்டி ரூம் கம்ப்யூட்டர். டிரைவர்கள் வந்து கையைப் பதித்து வேலைக்கு வந்ததைக் காட்டுவது அதில்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை யாருக்கு எந்த வண்டி வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும் அதில்தான். பழைய பெட்டி, ராத்திரியில் அணைத்துவைப்பார்கள். பட்டியலைக் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்பும், ஆனால் மணியை மட்டும் அதனிடம் கேட்காமல் தானே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "சார், அதோட மணியையும் மெயின் லைன்ல சேர்த்துடறேன். அப்புறம் யாரும் மணியைத் தொடவே வேண்டாம்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

டூட்டி ஆபீசர் கேட்டால்தானே? இடுப்பில் டிப்போவின் அத்தனை சாவியும் குலுங்க நடப்பதால் அவருக்குச் சாவி சார் என்று பெயர். "தானா மாறிக்கும், தானா மாறிக்கும்ங்கறீங்க. அடுப்புல வச்ச பால் தானா இறங்கிக்குமா? நான்தானே இறக்கணும்?" என்று ஒவ்வொரு வருடமும் தன் கையாலேயே மாற்றுவார். மாற்றும்போது ஒரு வருடம் தேதியையும் சேர்த்து மாற்றிவிட்டார்.

இந்த முறை அவள் விடவில்லை. சனிக்கிழமையே போய் அந்தப் பெட்டிக்கும் தானாக மாறக் கற்றுக்கொடுத்தாள். "கை வைக்காதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதித் திரையின் நெற்றியில் ஒட்டினாள். சாவி சாரிடம் சத்தியம் வாங்காத குறை.

"சுவத்துக் கடிகாரத்தையாவது நான் மாத்திக்கலாமா மேடம்? இல்ல, அதுக்கும் ஒரு சீட்டு ஒட்டப்போறீங்களா?"

"அதை நீங்க தாராளமா மாத்துங்க சார்."

அவள் இவ்வளவு பாடுபட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி லைனின் மத்தியான வண்டி காலியாகியிருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் மகள் ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். இரண்டு மணிக்கு எடுத்துப் பத்து மணிக்கு விடவேண்டிய வண்டி. அவளுக்காகவே அளந்து தைத்தது போன்ற நேரம். நீண்ட லைன், நெரிசல் அதிகம் என்று யாரும் அதை எடுக்கவில்லை. வாரம் முழுக்கத் தன் மேஜையில் இருந்தபடி அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை பத்து மணியோடு தேர்வு முடிகிறது. அதற்குள் அவன் போய் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். யாரிடமும் கேட்கவேண்டாம், பல்லைக் காட்டவேண்டாம், சலுகை என்று எவனும் சொல்லமுடியாது.

சனி இரவு வரைக்கும் அவன் அழுத்தவில்லை.

ஞாபகப்படுத்தலாம்தான். ஆனால் 'நீயும் கேக்காதே' என்ற அந்தப் பேச்சு தொண்டையில் வந்து குறுக்கே நின்றது. வேண்டும் என்றால் அவனுக்கே தோன்றாதா? நான்கு வருடம் பழகிப்போய், ஒருவேளை இப்படியே இருப்பதுதான் அவனுக்கு வசதியோ? இந்த நினைப்போடுதான் அவள் தூங்கிப்போனாள்.

காலையில் போன் அடித்து எழுப்பியது.

"மேடம்!" சாவி சாரின் குரல். பின்னால் பெரிய சந்தைச் சத்தம். "உடனே வாங்க. எல்லா டிரைவரும் ஒரு மணி நேரம் லேட்டுனு காட்டுது இந்தப் பெட்டி. இங்க அடிதடி நடக்கப்போகுது."

"சார், கை வச்சீங்களா?"

"என் குலதெய்வம் மேல சத்தியமா இல்ல!"

அவள் முகம் கழுவிக்கொண்டு வரும்போது மாமியார் சமையலறையில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, ஒரு மணி நேரம் வந்துச்சா, போச்சா?"

"போச்சு அத்தை. என் ஞாயித்துக்கிழமையும் சேர்ந்து போச்சு."

"அவன் இன்னிக்கு மத்தியானமே வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போனானே. நீ வீட்டுல இருப்பேன்னு..."

"அதான் இல்லையே. எவனோ ஒரு அறிவாளி கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம அந்தப் பெட்டியை நோண்டியிருக்கான். அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

"கிடைச்சா விட்டுடாதே" என்று மாமியார் காபியை ஆற்றி நீட்டினாள். "என் பங்குக்கும் ரெண்டு சேர்த்துப் போடு."

டிப்போவுக்குள் நுழையும்போதே டூட்டி ரூம் வாசலில் கூட்டம். எல்லாருக்கும் முன்னால் நின்றவள் நெட்டை. ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவான பெண் டிரைவர், அவளுக்கு நெருங்கின சிநேகிதி.

"வாடி டைம் மேடம். நான் லேட்டாம். என் அலாரம் கதறி, நான் கதறி, என் பிள்ளைங்க கதறி, ஓடோடி வந்து கையை வச்சா, லேட்டாம். என்னமோ நான் வழியில நின்னு சினிமா பார்த்துட்டு வந்த மாதிரி."

"கொஞ்சம் வழி விடு. பார்க்கறேன்."

பெட்டி ஊர் மணியைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் ஒன்பது தாண்டியிருந்தது, பெட்டியில் பத்து தாண்டிவிட்டது. ஒரு முறை தள்ளவேண்டியதை இரண்டு முறை தள்ளியிருக்கிறார்கள். அவள் சொல்லிக்கொடுத்தபடி பெட்டி தானாக ஒரு முறை தள்ளிக்கொண்டது. இன்னொரு முறை தள்ளியது மனிதக் கை. நெற்றியில் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது: கை வைக்காதீர்கள்.

"கண்ணு இருக்கா இல்லையா இந்த டிப்போவுல யாருக்கும்?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "இதைவிடப் பெரிசா நான் எப்படி எழுதறது? சுவத்துல பெயின்ட் அடிக்கவா?"

சாவி சார் ஒரு நாற்காலியைச் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நகர்த்துவதுபோல் பாவனை செய்தார்.

அவள் உட்கார்ந்து மணியைச் சரிசெய்தாள். லேட் என்று விழுந்த ஒவ்வொருவரையும் திருத்தினாள். இதற்கெல்லாம் அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் மணி சரியானபின்னும் திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் அப்படியே நின்றது. வண்டித் தேர்வு முடிந்தது.

பெட்டியின் கணக்கில் பத்து மணி வந்தவுடன் அது கதவைச் சாத்திவிட்டது. ஊர் மணிக்கு அப்போது ஒன்பதுதான். நிஜமான பத்து மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"சார், தேர்வு ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிக்கிச்சு. நீங்க சொன்னா மறுபடி திறந்துடறேன்."

"ஐயோ, வேண்டாம்!" சாவி சார் இரண்டு கையையும் ஆட்டினார். சாவிகளும் ஆடின. "மூடினவுடனே பட்டியல் தலைமை ஆபீசுக்குப் போயிடுச்சு. திறந்தா, ஏன் திறந்தே, யாருக்காகத் திறந்தேன்னு நான் பதில் சொல்லணும். கிட்டத்தட்ட எல்லாரும் எடுத்தாச்சு. ஒரே ஒரு வண்டிதான் மிச்சம்."

"எந்த வண்டி?" தெரிந்துகொண்டே கேட்டாள்.

"ஆஸ்பத்திரி லைன். மிச்சமானதைக் கொடுக்கற அதிகாரம் எனக்கு உண்டு. பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன். அதுக்குள்ள வேணுங்கறவன் வந்து வாயைத் திறந்து கேக்கட்டும், கொடுக்கறேன். இல்லேன்னா புதுசா வர்ற பையன் தலையில கட்டிட வேண்டியதுதான்."

கேட்க அவளுக்கு வாய் இருந்தது. நாக்கின் நுனிவரை வந்தும்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு திரையின் பக்கம் திரும்பினாள்.

சாவி சார் அவளைச் சமாதானம் செய்ய நினைத்தாரோ என்னவோ, சிரித்தபடி சொன்னார். "ஒண்ணு சொல்லணும் மேடம். இந்தக் களேபரத்துலயும் லேட்டுனு விழாத ஒரே ஆள் உங்க வீட்டுக்காரர்தான். மத்தவனுங்களை அவர்கிட்ட டியூஷன் அனுப்பணும்."

அவள் விரல் விசைப்பலகையிலேயே நின்றது.

லேட்டு என்று விழாத ஒரே ஆள். முதல் பஸ்காரன். அதிகாலையில் வந்து இந்தப் பெட்டியை எழுப்புகிறவன்.

அவளுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தது. இந்தக் கிழட்டுப் பெட்டி எழுந்தவுடன் முதலில் பழைய மணியைத்தான் காட்டும். கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஓ, இன்றைக்கு மாறவேண்டிய நாளல்லவா என்று நினைவு வந்து மாறிக்கொள்ள அதற்கு நாலைந்து நிமிடம் ஆகும். அதுவரை காத்திருக்காமல் ஒரு ஆள் பழைய மணியைப் பார்த்திருக்கிறான். அடடா, மாறவில்லையே என்று தானே ஒரு மணி நேரம் தள்ளியிருக்கிறான். தள்ளிவிட்டுக் கையைப் பதித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு பெட்டிக்கு நினைவு வந்து இன்னொரு மணி நேரம் தள்ளிக்கொண்டது.

எவனோ ஒரு அறிவாளி!

"என்னடி முகம் இப்படிப் போகுது?" என்றாள் நெட்டை. "யாருன்னு கண்டுபிடிச்சிட்டியா?"

"கண்டுபிடிச்சிட்டேன்."

"யாரு? சொல்லு, நான் பஸ்ஸை ஏத்தறேன்."

அவள் பதில் சொல்வதற்குள் முதல் பஸ் உள்ளே வந்து நின்றது. அவன் இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து ஒரு நிமிடம் தயங்கினான். அவளைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

"நீ ஏன் வந்தே? இன்னிக்கு உனக்கு வேலை இருக்காதுன்னு நினைச்சேனே?"

"ஏன் அப்படி நினைச்சீங்க?"

நேராகப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றான். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு திரையைத் தொட்டான். சிவப்புக் கட்டத்தைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"பத்து மணிக்குத்தானே மூடணும்? இன்னும் நேரம் இருக்கே?"

"மூடிடுச்சு" என்றாள் அவள். "ஏன்னா, யாரோ காலையில வந்து இதோட மணியை ஒரு தடவை கூடுதலாத் தள்ளிட்டாங்க."

அவன் காது சிவந்தது.

"அது... பழைய மணியே காட்டிச்சும்மா. மாறலையேன்னு..."

"சீட்டு ஒட்டியிருந்தேனே, படிக்கலையா நீங்க?"

"படிச்சேன்." சாவி சாரை ஓரக்கண்ணால் பார்த்தான். "அது சாருக்காக எழுதினதுன்னு நினைச்சேன்."

நெட்டை வாயைப் பொத்திக்கொண்டாள். சாவி சார், "பார்த்தீங்களா, பழி பூரா எனக்கு!" என்று வெற்றியோடு இடுப்பில் கை வைத்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே! ஒரே ஒரு வார்த்தை! உங்களுக்கு வாயே கிடையாதா? எத்தனை பேர் லேட்டுனு விழுந்தாங்க தெரியுமா? காலையில இருந்து நான் யாரையெல்லாம் மனசுக்குள்ள திட்டினேன் தெரியுமா?"

"நீ தூங்கிக்கிட்டு இருந்தே." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "வருஷா வருஷம் இந்தப் பெட்டி மாறலைன்னுதானே உன்னை ஞாயித்துக்கிழமையும் பாதித் தூக்கத்துல எழுப்பிக் கூப்பிடறாங்க. நானே மாத்திட்டா நீ வீட்டுல இருப்பே, நான் மத்தியானம் வந்துடுவேன்னு..."

அவளுக்குக் கோபம் போய்விடவில்லை. ஆனால் கோபத்துக்கு நடுவில் எங்கோ கொஞ்சம் இளகியது. இந்த மனிதனை என்ன செய்வது? வாயால் ஒரு வார்த்தை சொல்லமாட்டான். கையால் எதையாவது செய்துவைப்பான். செய்தது தன் தலையிலேயே வந்து விழும்.

"சரி, இப்ப எதுக்கு இந்தப் பெட்டிக்கிட்ட வந்தீங்க?" என்று கேட்டாள். குரல் தானாகவே இறங்கியிருந்தது. "உங்க வண்டிதான் உங்ககிட்ட இருக்கே. எதை அழுத்த வந்தீங்க?"

அவன் நிமிரவில்லை. "எல்லாரும் எடுத்து முடிக்கட்டும்னு இருந்தேன். பிள்ளை குட்டிக்காரங்க யாருக்காவது வேணுமா இருக்கும். மிச்சம் இருந்தா கடைசியில வந்து..."

மிச்சம் இருந்தால். வாரம் முழுக்க அவள் அங்கே திரையைப் பார்த்துக்கொண்டு தவித்தபோது, அவன் இங்கே மிச்சத்துக்காகக் காத்திருந்திருக்கிறான். வசதியாக இருக்கிறான் என்று நினைத்தாளே! அவளுக்கு அவனை உலுக்கவேண்டும் போலிருந்தது. தோளில் சாயவேண்டும் போலவும் இருந்தது. கூட்டத்தில் இரண்டும் முடியாது.

"அந்தக் கட்டத்தை நீங்களே மூடிட்டீங்க. என்னால திறக்க முடியாது" என்றாள்.

"தெரியுது."

"நான் கேக்கவும் முடியாது. நீங்கதான் கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க."

"அதுவும் தெரியுது."

சாவி சார் நாற்காலி மேல் ஏறிவிட்டார். சுவர்க் கடிகாரத்தை ஆணியிலிருந்து கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, பின்பக்கத் திருகாணியைத் தேடினார். காலையிலிருந்து மாற்றாமல் விட்டிருந்ததால் அது இன்னும் பழைய மணியிலேயே நின்றது.

"இதைத் தள்ளிட்டு இறங்கினேன்னா பத்து ஆயிடும்" என்றார் திரும்பிப் பார்க்காமல். "கீழே இறங்கினவுடனே கையெழுத்து. யாருக்காவது ஏதாவது வேணும்னா இப்பவே சொல்லிடுங்கப்பா. பெட்டிக்கிட்ட இல்ல, என்கிட்ட."

நெட்டை அவனைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். திருகாணியைச் சுற்றும் சத்தம் மட்டும் கரகரவென்று கேட்டது. பெரிய முள் மெல்ல நகர்ந்தது.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். சொல்லமாட்டாள். அந்தப் படிக்கட்டில் தலையாட்டியது அவள்தான். இனி இது அவன் பாடு.

அவன் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். மறுபடி மாற்றினான். பிறகு அதைப் பெட்டியின் மேல், அவள் ஒட்டிய சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நாற்காலியின் அருகில் போய் நின்று தலையை நிமிர்த்தினான்.

"சார்." கனைத்துவிட்டு, வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான். "அந்த ஆஸ்பத்திரி லைன், மத்தியான வண்டி, எனக்கு வேணும் சார். இவ முழிச்சிருக்கற நேரத்துல நானும் முழிச்சிருக்கணும்."